கஞ்சியும் போர்வையும்

மாமிக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்ததும் வீடே கலங்கிப்போனது. கட்டியை வெட்டியெடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தாயிற்று என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். நானே காய்ச்சிக் கொண்டுபோய்க் கரண்டியால் பருக்கினேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மாமி, "பிள்ளை, எனக்குக் குளிருது, வயிறும் நோகுது" என்றா. போர்வையை இழுத்து மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். இரவு தாதி வந்து பார்த்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது, நாடி ஓடியது. தையல் விட்டு, குடலிலிருப்பது வயிற்றுக்குள் கசிகிறது என்று அன்றிரவே மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

"நீ கஞ்சி குடுத்தபடியால்தான் தையல் பிரிஞ்சது" என்று மச்சாள் விறாந்தையில் எல்லோர் முன்னாலும் சொன்னா. எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அடுத்த நாள் அழுதபடியே வைத்தியரிடம் கேட்டேன். "கஞ்சி தையலை அறுக்காது அம்மா" என்றார். நூல் சில நாள்தான் முனைகளைப் பிடித்து வைத்திருக்குமாம். பிறகு கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகித்தான் குடல் ஒட்டுகிறதாம். பழைய கொலாஜன் கரைந்து, புதியது போதியளவு வராத முதல் சில நாட்களில்தான் தையல் மிகவும் பலவீனமாயிருக்கும். இரத்தோட்டம் குறைந்தாலும் புகைபிடித்தாலும் ஆறுதல் தடைப்படும். மாமிக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். குளிசையை நினைத்தால் போடுவா, நினைத்தால் விடுவா.

கசிந்த பிறகுதான் கிருமி தொற்றுகிறது என்று நான் எண்ணியிருந்தேன். கிருமியே கசிவுக்குக் காரணமாகலாம் என்பதை மகள் தேடி வாசித்துச் சொன்னாள். 1955இலேயே அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஐசிடோர் கோன், இரத்தோட்டம் குறைந்த நாய்க்குடலின் தையலிடத்திற்கு நேரே நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தி, அதைக் காப்பாற்றலாம் என்று காட்டியிருக்கிறார். 2015இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் எலிகளில் ஆராய்ந்தபோது, குடலில் வழமையாக வாழும் என்ரரோகொக்கஸ் பீக்காலிஸ் என்ற பற்றீரியா தையலிடத்துக் கொலாஜனைச் சிதைப்பதைக் கண்டார்கள். நாளத்தில் ஏற்றிய வழமையான மருந்து அதை ஒழிக்கவில்லை. தையலிடத்தில் நேரடியாக இட்ட மருந்து கசிவைத் தடுத்தது. எங்கள் வயிற்றிலேயே குடியிருப்பது இப்படிச் செய்யுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. மாமிக்கு நடந்தது இதுதானா என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது.

சத்திரசிகிச்சை முடிந்தவருக்கு அருகில் இருக்கும் சகோதரிகளே, குளிர், காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடிவரும் வயிற்றுநோ எதைக் கண்டாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். கஞ்சியைப் பற்றிய கவலை எனக்குப் போய்விட்டது. அந்தப் போர்வைதான் இன்னும் நெஞ்சை உறுத்துகிறது.

பல மாதங்கள் வயிற்றில் பையோடு இருந்த மாமிக்குப் பிறகு குடலைத் திரும்பவும் இணைத்தார்கள். இந்த முறை குளிசையை நானே எண்ணிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மச்சாள் கஞ்சிப் போத்தலோடு வந்து நின்றா. மாமி அவவைப் பார்த்துவிட்டு, "அவளே பருக்கட்டும்" என்று என்னைக் காட்டினா.