சருகுத் தீ

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகப் பழங்குடியினர் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள், அதை நிறுத்தாவிட்டால் காடே மிஞ்சாது என்று இளம் வயதில் ஒரு சிறுபத்திரிகையில் எழுதினேன். எழுதும் முன் ஒரு சோளகரிடமும் பேசவில்லை. மலை 1974-இல் சரணாலயமான பிறகு தீ வைப்பது குற்றமாகிவிட்டது. சட்டம் என் பக்கம் இருந்ததால் நியாயமும் இருப்பதாக நம்பினேன்.

பல வருடம் கழித்து, நெல்லிக்காய் எடுக்கும் பருவத்தில் ஒரு சோளகப் பெரியவரோடு அந்தக் காட்டில் நடந்தேன். இருபுறமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி (லண்டானா). புல்லே கண்ணில் படவில்லை. ஒரு நெல்லிமரத்தடியில் நின்று, "மேலே பாருங்க சாமி" என்றார். பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. "இலையைப் பாருங்க." நெல்லியின் இலை பொடிப்பொடியாக இருக்கும். கிளையில் இருந்தவையோ தடித்து அகன்றிருந்தன. அத்தனையும் புல்லுருவி. நெல்லியின் கிளைகள் அதற்குள்ளே காய்ந்து நின்றன.

முன்பெல்லாம் பனிக்காலம் முடிந்ததும், கோடை முற்றுவதற்குள், சோளகர்கள் சருகை மட்டும் கொளுத்துவார்களாம். தரகு பெங்கி என்பது அதற்குப் பெயர். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத தீ. உண்ணிக் கன்றுகள் கருகும், புல்லுருவி அடங்கும், மானுக்கும் காட்டெருமைக்கும் புதுப்புல் முளைக்கும். அந்தத் தீ நின்றுபோன காட்டில் 1997-க்கும் 2008-க்கும் இடையே உண்ணி பரவிய இடம் ஏறக்குறைய இரட்டிப்பானதாக ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

"நாங்க காட்டை அழிக்கிறோம்னு எழுதினாங்களே, அவங்க இங்கே வந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார். நானும் எழுதினேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அதன்பின் அவர் என்னைக் காட்டுக்குள் கூட்டிப்போகவே இல்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டியவை நிறைய இருந்தன.

இன்று அந்தக் காட்டில் சும்மா தீ வைத்துவிட முடியாது. புதராகிவிட்ட உண்ணி தீயை மர உச்சி வரை ஏற்றிவிடும். எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும். அப்புறம்தான் சின்னத் தீ. எந்த மாதம், எந்தச் சரிவு, எந்தக் காற்று என்று தெரிந்தவர்கள் வயதாகி மறைந்துகொண்டிருக்கிறார்கள். காட்டுத் தீயைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இப்போதே போய் அவர்களிடம் கேளுங்கள்.