திரும்பிப் பார்க்க வைத்த தீவு

நானும் என் துணைவியாரும் இல்லறம் தொடங்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் இருவரும் சேர்ந்து சென்ற பயணங்களை எண்ணிப் பார்த்தேன். உறவினர் திருமணங்கள், மையித் வீடுகள், மருத்துவமனைகள், அல்லாஹ்வின் அருளால் 2018இல் ஹஜ். ஓய்வுக்கென்று ஒரு பயணம்கூட இல்லை. தொண்டூரில் வாழ்ந்தும் செஞ்சிக் கோட்டையை அவர் கீழிருந்துதான் பார்த்திருக்கிறார். ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கும்போதெல்லாம், "கோட்டை எங்கே போகிறது? அங்கேயேதான் இருக்கும்" என்பேன்.

வெளிநாட்டில் பணிபுரியும் மகன், "அத்தா, அம்மாவை மாலத்தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று பயணச்சீட்டுகளை அனுப்பினான். எனக்கு உடன்பாடில்லை. வீண்விரயம் என்ற எண்ணம் ஒருபுறம். கடற்கரைக் களியாட்டங்கள் பற்றிய தயக்கம் மறுபுறம். அவை தனித்த உல்லாசத் தீவுகளில்தான் என்றும், 2009ஆம் ஆண்டிற்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன என்றும் மகன் விளக்கினான்.

மாலே விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில் மாஃபுஷி தீவை அடைந்தோம். நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவே. பாங்கோசை கேட்டது. மது இல்லை. தலை மறைத்த பெண்கள் தெருவில் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தனர். காலை உணவு, தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்த 'மஸ் ஹூனி'யும் ரொட்டியும். நம் கடலோர வீடுகளின் மாசிக் கருவாடு நினைவுக்கு வந்தது. இப்னு பதூதா 1343இல் வந்து காஜியாகப் பணியாற்றியது இத்தீவுகளில்தான். இங்கிருந்தே அவர் இலங்கை வழியாகத் தமிழகம் வந்தார்.

தெருவோரங்களில் கயிற்றுவலை பின்னிய இருக்கைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் பெயர் 'ஜோலி'. "நம் ஊரில் ஜோலி என்றால் வேலை; இங்கே வேலையில்லாமல் உட்காருவதற்குப் பெயர் ஜோலியா!" என்று சிரித்தார் துணைவியார். ஆனால் அதில் அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகுமுன் எழுந்துவிட்டார். கைகளைச் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள நான் வாய்ப்பளித்ததும் இல்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் உலாவப் புறப்பட்டோம். வழக்கம்போல நான் பத்தடி முன்னே நடந்தேன். ஹஜ்ஜின் நெரிசலில் மட்டும்தான் கையைப் பற்றி அழைத்துச் சென்றிருக்கிறேன். தெரு முடிந்தது; எதிரே கடல். மேலே செல்ல இடமில்லாததால் திரும்பினேன். துணைவியார் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார், வலது காலைச் சற்றே இழுத்தபடி.

"எத்தனை நாளாக இந்த வலி?"

"நாலு வருடம் இருக்கும்."

"என்னிடம் சொல்லவில்லையே?"

"நீங்கள் திரும்பிப் பார்த்தால் அல்லவா சொல்வதற்கு?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மறுமொழி வரவில்லை.

அன்றிரவு ஒரு ஹதீஸ் என் நினைவில் நின்றது. பயணம் ஒன்றில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அம்முறை அன்னையார் வென்றார்கள்; பிறிதொரு முறை அண்ணலார் வென்றார்கள். எத்தனையோ பயான்களில் கேட்டுப் புன்னகைத்த செய்திதான். ஊரையெல்லாம் முன்னே அனுப்பிவிட்டு மனைவிக்காகப் பின்தங்கினார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சென்றோம். முழங்கால் தேய்ந்துவிட்டது, மலையேற்றம் இனி கூடாது என்றார். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அது அங்கேயேதான் இருக்கிறது. முழங்கால்தான் காத்திருக்கவில்லை.

இப்போது சில மாலைகளில் கோட்டை அடிவாரத்தில் உள்ள சஅதத்துல்லா கான் பள்ளிவாசல்வரை செல்கிறோம். என் நடையை அவர் நடைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டேன். தீவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, சகோதரர்களே! உங்கள் தெருவிலேயே ஒருமுறை நின்று திரும்பிப் பாருங்கள்.