சிவப்பு முத்து கடலில் கிடைக்குமா?

யாராவது உங்களுக்கு இரத்தச் சிவப்பில், எல்லா மணியும் ஒரே அளவில், பளபளவென்று ஒரு முத்து மாலையைக் காட்டி "இது நெச்சுரல்" என்று சொன்னால் நம்பாதீங்க. ஒன்று சாயம் போட்ட முத்து, இல்லாட்டி அது முத்தே இல்லை. முத்துச் சிப்பி தானாக அந்த நிறத்தைச் செய்வதில்லை என்றே சொல்லிவிடலாம்.

போன வருசம் அக்காவின் கல்யாணத்துக்கு நகை பார்க்கப் போன இடத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கண்டிக் குளத்துக்குக் கிட்ட ஒரு கடை, பெயர் வேணாம். அரக்குச் சிவப்புச் சேலைக்குப் பொருந்தும் என்று சித்தி ஒரு மாலையைக் கையில் எடுத்தாங்க. "ரொம்ப ரெயார் மிஸ், மன்னார்க் கடல்ல கிடைக்கிறது" என்றார் கடைக்காரர். விலை அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. யூடியூபில் பார்த்த ஞாபகத்தில் கொக்கிக்குப் பக்கத்து மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். துளையின் விளிம்பில் நிறம் கறுத்துத் தேங்கி இருந்தது, துளைக்குள்ளே வெள்ளை. சித்தியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மாலை அங்கேயே போய்விட்டது, 'மன்னார்' என்ற சொல் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை.

ஏன் சிவப்பு வராது? சிப்பியின் உட்பக்கம் மின்னுகிறதே, முத்தும் அதே பொருள்தான். கல்சியம் காபனேற்றின் மெல்லிய தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கில். அந்த அடுக்குகளுக்குள் வெளிச்சம் போய்த் திரும்பி வருவதால்தான் அந்த மினுக்கம். முத்தின் சொந்த நிறம் சிப்பியின் இனத்தைப் பொறுத்தது. மன்னார் வளைகுடாச் சிப்பி வெள்ளையும் மஞ்சள் கலந்த வெள்ளையும் தரும். தாகித்திப் பக்கத்துச் சிப்பி கறுப்பு, சாம்பல் தரும். சீனாவில் ஆறு குளங்களில் வளர்க்கிற முத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும்கூட உண்டு. அசல் சிவப்பு மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

இது நம்ம ஆட்களுக்கு எப்பவோ தெரிந்த விசயம் என்று நினைக்கிறேன். பல் என்றால் முத்து, உதடு என்றால் பவளம். நவரத்தினத்திலும் முத்து சந்திரனுக்கு, பவளம் செவ்வாய்க்கு. ஒருத்தரும் குழப்பிக்கொள்ளவில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்கே இதில்தான் தங்கி இருக்கிறது. அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்த உடனே தீர்ப்பு, நிபுணர் சாட்சி தேவைப்படவில்லை. கொற்கைக் கடலில் சிவப்பு முத்து சும்மா கிடைத்திருந்தால் பாண்டியன் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடி இருப்பான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. முத்து சிப்பியில் மட்டும் பிறப்பதில்லை. பழைய இரத்தின நூல்களில் முத்துப் பிறக்கும் இடங்கள் என்று ஒரு பட்டியல் வரும்: மூங்கில், கரும்பு, நெல், யானைத் தந்தம், பன்றிக் கொம்பு என்று போகும். சிரிக்கலாம். ஆனால் அதே பட்டியலில் சங்கும் இருக்கிறது, அது உண்மை. கோயிலில் ஊதுகிற, நம்ம ஊர் பெரஹராவில் மேளத்தோடு ஊதிக்கொண்டு போகிற அதே சங்கு இனத்துக்குள் எப்போதாவது ஒரு முத்து உருவாகும். அதில் தகடு அடுக்கு இல்லை, அதனால் சிப்பி முத்தின் மினுக்கமும் இல்லை. பீங்கான் மாதிரி இருக்கும். நிறமோ வெள்ளையில் தொடங்கி இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் வரைக்கும் போகும்.

உலகத்தில் சிவப்புக்குக் கிட்ட வருகிற முத்துகளில் பெயர் பெற்றவை இப்படிச் சங்கு, நத்தை வகைகளில் இருந்து வருபவைதான். கரீபியன் கடலின் ராணிச் சங்கு ரோஜா நிற முத்துத் தரும், அதன் மேல் தீச்சுடர் மாதிரிக் கோடுகள் ஓடும். பத்தாயிரம் சங்குக்கு ஒன்று கிடைத்தாலே பெரிசு என்று வியாபாரிகள் சொல்லுவாங்க. அந்தச் சங்கின் சர்வதேச வியாபாரத்துக்கே 1992இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. வியட்நாம், மியன்மார்ப் பக்கம் மெலோ என்ற பெரிய கடல் நத்தை செம்மஞ்சள் முத்துத் தரும். இவற்றை ஒரே அளவில் தேடிக் கோர்த்து மாலையாக்கப் பல வருசம் எடுக்கும். நீண்ட நாள் வெயில் பட்டால் கரீபியன் முத்தின் நிறம் வெளிறியும் போகும். கண்ணாடிப் பெட்டியில் லைட்டுக்குக் கீழே வரிசையாகத் தொங்கவிடுகிற சாமான் இல்லை அது.

ஆக, கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல் மட்டும் சரி. மன்னார். சிவப்புக்குக் கிட்டப் போகிற முத்து நம்ம கடலிலும் உண்டு, ஆனால் சிப்பியில் இல்லை, சங்கில்.

மன்னார் முத்துக் குளிப்பைப் பற்றி வாசிக்க கெம்பஸ் லைப்ரரிக்குப் போனேன். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று ஊர்ப் பெயர்கள் வந்தன. அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாட்டைக் கடல் இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. முத்துக் குளிப்பு நடக்கிற சில வாரங்களுக்கு அந்த மணல்வெளியில் ஒரு பட்டினமே முளைக்கும். கீழக்கரையில் இருந்து, தூத்துக்குடியில் இருந்து, அரேபியாவில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவாங்க. சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் போடுவாங்க. அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, மூச்சடக்கி இறங்கினவனுக்கு ஒரு பங்கு. அழுகவிட்டுக் கழுவி எடுத்த முத்தை, வேறு வேறு அளவில் துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் போட்டுத் தரம் பிரிப்பாங்க. கடுகளவு முத்துக்கும் கணக்கு இருந்தது.

அரிப்பு என்ற பெயரில்தான் எனக்கு நிற்க வேண்டி வந்தது. அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது முத்தோடு இல்லை, அப்பாயியோடு. எங்க ஆட்கள் இராமேஸ்வரம் பக்கத்தில் இருந்து தோணி ஏறி, தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனாங்க. 1914இல் தலைமன்னார் ரயில் வருவதற்கு முந்திய கதை அது. வழியில் கொலரா, மலேரியா, பெரியம்மை. எத்தனை பேர் விழுந்தாங்க என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளே இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. ஒரே கடற்கரை. சிப்பிக்குக் கணக்கு இருக்கிறது, இவங்களுக்கு உறுதியான கணக்கு இல்லை.

எனக்கு ஆறு வயசில் கொப்புளிப்பான் போட்டது. லயத்து வாசலில் வேப்பிலை சொருகி, அப்பாயி என் முதுகைத் தடவிப் பார்த்து, "இன்னைக்கு முத்து கூடப் போட்டிருக்கு" என்பாங்க. சிவந்த தோலில் நீர் கோர்த்த சின்னச் சின்ன முத்து. தமிழில் அம்மைக் கொப்புளத்துக்குப் பெயர் முத்து. வியாதி என்று சொல்ல மாட்டாங்க, "ஆத்தா முத்துப் போட்டிருக்கா" என்றுதான் சொல்லுவாங்க. மாத்தளையில் இருக்கிறவளுக்குப் பெயரே முத்துமாரி. அந்தப் பெயருக்கு வேறு விளக்கமும் சொல்லலாம், அப்பாயி சொன்ன விளக்கம் இதுதான்: "முத்தப் போடுறவளும் அவதான், எறக்குறவளும் அவதான்." நடந்து வந்து உயிர் பிழைத்தவங்க அவள் இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டங்களுக்கு ஏறினாங்க என்பது எங்க பக்கம் வழிவழியாக வருகிற கதை. அப்படிப் பார்த்தால் எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சிவப்பு முத்து அதுதான். அது அபூர்வமாகவே இருக்கவில்லை. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கும் வரைக்கும் யாருக்கும் வரக்கூடிய முத்து.

அரிதானது என்பதால் ஒன்றுக்கு மதிப்பு வருகிறது என்று எக்கொனமிக்ஸ் பாடத்தில் படித்தோம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. ஒன்று அரிதா இல்லையா என்று தெரிய முதலில் யாராவது எண்ண வேண்டும். எண்ணுகிறவன் எதை எண்ணத் தகுந்தது என்று நினைக்கிறானோ அதுக்குத்தான் விலை. அரிப்பில் சல்லடையோடு உட்கார்ந்திருந்தவங்களுக்கு வெள்ளை முத்து மட்டும்தான் தெரிந்தது, அதே மணலைத் தாண்டி நடந்தவங்க உடம்பில் இருந்தது தெரியவில்லை.

அக்கா கடைசியில் கழுத்துக்குப் பவளம் போட்டாள். அசல் சிவப்பு, கடலில் விளைந்தது, பொய் இல்லை. சித்திக்கும் திருப்தி. கல்யாணம் முடிந்த கிழமையில் எல்லாருமாக மாத்தளை பஸ் ஏறிப் போய் முத்துமாரிக்கு ஒரு அர்ச்சனை செய்தோம். யார் பெயருக்கு என்று ஐயர் கேட்டார். அம்மா அக்கா பெயரைச் சொன்னாங்க. நான் மனசுக்குள் பெயர் தெரியாத கொஞ்சப் பேரைச் சேர்த்துக்கொண்டேன்.