மொக்கு விரிவதற்குள்

பூச்சந்தையில் மல்லிகைப்பூ என்று எடை போடுவது விரியாத மொக்கைத்தான். இருட்டில் பறித்த மொக்கு அன்று மாலை விரியும். மறுநாள் காலை பழுத்துவிடும். நாற்று நடுவதிலிருந்து சரம் தொடுப்பது வரை இத்தொழிலின் எல்லா வேலைகளும் அந்தச் சில மணி நேரத்தை ஒட்டியே நடக்கின்றன.

மதுரை மல்லி குண்டுமல்லி வகையைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டை வட்டாரங்களில் தோட்டங்கள் மிகுதி. தடித்த இதழ், சற்றே நீண்ட காம்பு, தாமதமாக விரியும் குணம் ஆகியவை இதன் அடையாளங்கள். காம்பு நீண்டிருந்தால் நாரில் முடிச்சு நழுவாது என்பதால், பூக்கட்டுகிறவர்கள் மணத்துக்கு முன்பே காம்பைத்தான் பார்க்கிறார்கள்.

மதுரை மல்லிக்குத் தாய்வீடு மதுரை அல்ல. நாற்றுகள் பெரும்பாலும் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. அங்குள்ள மணற்பாங்கான மண்ணில் போத்து எளிதில் வேர் பிடிக்கும், பிடுங்கும்போது வேர் அறுபடாது. நுனிக்கிளையைக் கணுவோடு வெட்டிப் பாத்தியில் ஊன்றி, நான்கைந்து மாதம் நீர் தெளித்து வளர்த்தால் நடவுக்கு ஆயிற்று. பதியன் போட்டும் நாற்று எடுக்கலாம்.

நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்கள் ஏற்றவை. ஒன்றரை அடி ஆழ, அகலக் குழியில் தொழுவுரம் இட்டு, செடிக்குச் செடி 1.25 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். ஏக்கருக்கு ஏறத்தாழ 2,500 செடிகள் பிடிக்கும். வடிகால் உள்ள செம்மண் நல்லது. நீர் தேங்கினால் வேர் அழுகும், நிழல் விழுந்தால் பூ குறையும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இலை மஞ்சளாக வெளுக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும்.

வளர்ப்பில் தலையாய வேலை கவாத்துதான். நவம்பர் கடைசியில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு மீதியை வெட்டி, இலையையும் உருவிவிடுகிறார்கள். பார்ப்பவருக்குத் தோட்டம் பாழாய்ப் போனதுபோல் தோன்றும். ஆனால் மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். பழைய கிளையில் இலைதான் மிஞ்சும். கவாத்து முடிந்ததும் ஒரு முறை, ஜூன்–ஜூலையில் ஒரு முறை என உரம் இட்டால் மார்ச்சில் மொக்கு தொடங்கும். வீட்டுத் தொட்டி மல்லி பூப்பதில்லை என்று குறைப்படுவோரில் பலர், வெட்ட மனம் வராதவர்களே.

மொக்குக்கு எதிரிகளும் உண்டு. மொட்டுப்புழு உள்ளே துளைத்துத் தின்னும். மொட்டு ஈயின் புழு நுழைந்தால் மொக்கு அடி வீங்கி, ஊதா நிறமாகித் தேங்கிவிடும். கோடையில் இலைக்கடியில் செம்பேன் சேரும்.

பறிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில், இடுப்பில் கட்டிய துணிமடியோடு பெண்கள் வரிசை வரிசையாகக் குனிந்து நகர்கிறார்கள். முற்றி வெளுத்த மொக்கை மட்டும் எடுத்து, பச்சை அரும்பை நாளைக்கு விட வேண்டும். இக்கட்டுரையாளர் சென்ற தோட்டமொன்றில் விரல்கள் பார்வைக்கு முந்திப் போய்க்கொண்டிருந்தன. கையே தடித்த மொக்கை அறிந்து கிள்ளியது. வெயில் ஏறினால் மொக்கு நெகிழும், விலையும் நெகிழும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொக்கு வேண்டும்.

பறித்த பூ மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் கமிஷன் கடைகளுக்குப் போகிறது. கோடையில் பூ குவிந்து விலை சரியும். மிஞ்சியது வாசனைத் தைல ஆலைகளுக்கு மலிவாகப் போகும். மார்கழி, தையில் பனியால் பூ குறைய, பொங்கலும் திருமணங்களும் சேர்ந்து கிலோ விலையை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுகின்றன. செய்தித்தாள்கள் கொண்டாடும் அந்த விலையைப் பறிப்பவர் காண்பதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய தோட்டங்களில், செடியில் மொக்கு குறையக் குறைய அவர் மடியும் இலேசாகிறது. பூ பொன்னாகும் மாதத்தில் அவருக்குக் கூலி குறைகிறது.

கடைசிக் கை பூக்கட்டுகிறவருடையது. நனைத்த வாழைநாரிலோ நூலிலோ, இரண்டிரண்டு மொக்காக எதிரெதிரே வைத்து முடிச்சிட்டு, முழக்கணக்கில் விற்கிறார். ஈரத்துணி போர்த்திய கூடைக்குள் மொக்கு மாலை வரை பொறுக்கும். அதற்குள் விற்காத சரம் இரவில் விரிந்து, காலையில் பழுத்துக் கிடக்கும். அந்த நட்டத்தை அவருக்கு ஈடு செய்ய ஆளில்லை.