குறிப்பறிதல்

திருமண வீட்டில் எல்லாருடைய கண்களும் மணமக்களையே நோக்கும். மணமக்களை விடுத்து மற்ற எல்லாவற்றையும் நோக்குகின்ற கண்களும் அங்கே உண்டு. குத்துவிளக்கில் எண்ணெய் குறைகிறதா, தட்டில் திருமாங்கல்யம் வைக்கப்பட்டதா, அடுப்பில் பருப்பு வெந்ததா என்று அக்கண்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். அகநானூற்றின் 86ஆம் பாடல் பழந்தமிழர் மணவிழா ஒன்றைக் காட்டுகிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதிதாகப் பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு ஆகிய யாவும் அப்பாடலில் உள்ளன. பந்தலிட்டவர் யார், மணலைச் சுமந்து வந்தவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை. மணவிழாவின் இயல்பே அதுதான். வேலை கண்ணுக்குத் தெரியும். வேலை செய்தவர் தெரியமாட்டார்.

சொந்த ஊரில் இவ்வேலைகளை உறவினர் பங்கிட்டுக்கொள்வர். பந்தக்கால் நடுவதற்கு ஒருவர், பந்தி விசாரிப்பதற்கு ஒருவர், சீர்த்தட்டு அடுக்குவதற்கு ஒருவர் என்று முறை வைத்துச் செய்வர். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் அது கடமை மட்டுமன்று, உரிமையும் ஆகும். தொலைதூர நகரங்களில் நிலைமை வேறு. உறவினர் முதல் நாள் வண்டியில் வந்து மறுநாள் வண்டியில் திரும்பிவிடுவர். அந்த வெற்றிடத்தை நிரப்ப எழுந்த தொழிலே திருமண ஒருங்கிணைப்பு. தலைநகர் தில்லியில் இத்தொழிலைச் செய்பவர் பலர். அவர்களுள் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. கரோல்பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி அவர். மத்திய அரசுப் பணிக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்து குடியேறியவர் அவருடைய பாட்டனார். மணமேடையில் தம் பெயர் ஒலிக்காமலிருப்பதையே பெருமையாகக் கருதுபவராதலின், இங்கும் அவர் பெயர் குறிக்கப்படவில்லை.

அவருடைய ஆண்டு பஞ்சாங்கத்தைப் பின்பற்றி நடப்பது. மார்கழியில் தமிழர் மணவினை செய்வதில்லை. வடநாட்டாரும் ஏறத்தாழ அதே முப்பது நாள்களைக் ‘கர்மாஸ்’ என்று கூறி ஒதுக்குவர். ஞாயிறு தனுசு ராசியில் இருக்கும் காலம் இருவருக்கும் பொதுவானது. ஆனால் ஆவணி வந்தால் இருவரும் வழி பிரிவர். தமிழர் இல்லங்களில் மேளம் கொட்டத் தொடங்கும். வடநாட்டு இந்துக் குடும்பங்கள் பலவற்றில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி வரை திருமணப் பேச்சே எழாது. நாளைப் போலவே பொழுதும் வேறுபடும். பஞ்சாபியர் மண ஊர்வலம் இரவில் புறப்படும். தமிழர் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் அமையும். ஆதலால் சில நாள்களில் ஓர் ஊர்வலத்தின் கடைசி விளக்கை அணைத்துவிட்டு, மற்றொரு மண்டபத்தின் முதல் விளக்கை ஏற்ற அவர் நேரே சென்றுவிடுவார்.

வேலையில்லாத நாளிலும் அவருடைய பொழுது இருளிலேயே தொடங்கும். கிழக்குத் தில்லியில் உள்ள காசிப்பூர் மலர்ச்சந்தை விடியுமுன் விழித்துக்கொள்ளும் இடம். சாக்கு மூட்டைகளில் செவ்வந்தியும் ரோசாவும் குவிந்து கிடக்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பனிக்கட்டியோடு பெட்டிகளில் அடைபட்டு விமானத்தில் தலைநகருக்கு வரும். பெட்டியைத் திறந்தவுடன் அவர் மணத்தை முகர்வதில்லை. மொட்டின் காம்பைப் பார்ப்பார். காலை முகூர்த்தத்துக்கு வேண்டியது அன்று இரவில் விரியப்போகும் மொட்டு. சந்தையிலேயே விரிந்துவிட்ட மலர் எவ்வளவு மணந்தாலும் மணமகள் கூந்தலில் வாடிப்போகும்.

அவர் கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு திருமணத்துக்கும் அதில் இரண்டு பத்திகள் வகுத்திருப்பார். ஒன்றன் தலைப்பு ‘கேட்டவை’. மற்றொன்றின் தலைப்பு ‘கேளாதவை’. முதற்பத்தியில் வீட்டார் சொன்ன பந்தலின் நிறம், இனிப்பின் வகை, விருந்தினர் எண்ணிக்கை ஆகியன இருக்கும். இரண்டாம் பத்தியே நீளமானது. தரையில் அமர இயலாத பாட்டிக்கு மேடையருகே ஒரு நாற்காலி, சர்க்கரையில்லாத காப்பிக்குத் தனிக்குடுவை, கைக்குழந்தையோடு வரும் தாய்க்குத் தாழிடக்கூடிய ஓர் அறை, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பியருக்கு எதிரெதிரே அமையாத இருக்கைகள் என்று அது வளர்ந்துகொண்டே போகும். கேட்டதைச் செய்து முடிப்பது ஒப்பந்தம். கேளாததை அறிந்து செய்வதுதான் தொழில் என்பது அவர் கருத்து.

அலங்காரத்தில் புதுமை வேண்டும் என்று எல்லாரும் அவரிடம் கேட்பர். அவரோ புதியதைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குவதில்லை. மறக்கப்பட்டதைத் தேடிச் செல்வார். மேற்குத் தில்லி உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு ஒன்று உண்டு. தமிழர் திருமணத்தில் நவதானியம் முளைக்கவிடும் பாலிகைக் கிண்ணங்களை அங்கேதான் செய்யச் சொல்வார். அவ்வடிவத்தைக் கண்டிராத குயவரிடம் இரு கைகளையும் குவித்துக் காட்டி, “இத்தனை அகலம், இத்தனை ஆழம், அடியில் நீர் வடியச் சிறு துளை” என்று விளக்கினார். மூன்றாம் முறை சக்கரம் சுற்றியபோது சரியான கிண்ணம் எழுந்தது. சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பசாரின் குறுகிய சந்தில் சரிகைப் பட்டிகை வாங்குவார். நெகிழிப் பூக்களுக்கு மாற்றாகச் சீர்த்தட்டுகளின் விளிம்பில் அதனைச் சுற்றிவிடுவார். திருமணம் முடிந்தபின் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

அவர் மிகவும் விரும்பும் கண்டெடுப்பு, ஒரு பழைய பெட்டியிலிருந்து வெளிப்பட்டது. மணமகள் தமிழ்ப்பெண், மணமகன் பஞ்சாபி. மணமகனின் பாட்டி தம் கையால் தைத்த ‘புல்காரி’ துணி ஒன்று பல்லாண்டுகளாக மடித்தபடியே கிடந்தது. முரட்டுக் கதர்த்துணியின் பின்புறத்திலிருந்து ஊசி கோத்து, முன்புறத்தில் பட்டுநூல் பூக்களை மலரச் செய்யும் கைவேலை அது. ஒருங்கிணைப்பாளர் அதனை ஊஞ்சலுக்குப் பின்னே திரையாகத் தொங்கவிட்டார். மணமகள் உடுத்தியிருந்தது கோர்வை முறையில் நெய்த காஞ்சிபுரம் பட்டு. உடலையும் கரையையும் வேறு வேறு நிற நூல்களால் நெய்து, பிரிக்க முடியாதபடி கோத்து இணைப்பது கோர்வை. அன்றைய ஊஞ்சலில் இரண்டு குடும்பங்களும் அவ்வாறே இணைந்திருந்தன. அதற்காக அவர் புதிதாக ஒரு முழத் துணியும் வாங்கவில்லை.

மெட்ரோ ரயிலில் செல்லும் நேரமே அவர் இசை கேட்கும் நேரம். அவருடைய கைப்பேசியில் இரண்டு குழல்கள் மாறி மாறி ஒலிக்கும். ஒன்று பிஸ்மில்லா கானின் ஷெனாய். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது செங்கோட்டையில் வாசித்த அம்மேதைக்கு 2001இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. மற்றொன்று ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரம். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட அவர், 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். இருவரும் இசுலாமியர். இருவருடைய குழலும் கோயிலிலும் மணப்பந்தலிலும் மங்கல ஒலியாகப் போற்றப்பட்டது. இசையின் மேல் கொண்ட இந்த விருப்பத்தால்தான் பழைய தில்லியில் வாழும் முதிய ஷெனாய்க் கலைஞர் ஒருவர் அவருக்கு அறிமுகமானார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று வாசிப்பைக் கேட்டுவருவது வழக்கமாயிற்று.

அவ்வழக்கம் ஒரு தை மாதத்தில் பெருந்துணையாக வந்து நின்றது. கரோல்பாகில் ஒரு தமிழ்த் திருமணம். தஞ்சைப் பகுதியிலிருந்து நாகசுரக் குழுவினர் வரவேண்டும். முந்தைய நாள் மாலையே தில்லியை அடைந்திருக்க வேண்டிய ரயில், பனிமூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து, நள்ளிரவாகியும் ஆக்ராவைத் தாண்டவில்லை. முகூர்த்தமோ காலை ஏழரை மணிக்கு. தலைநகரில் இருந்த நாகசுரக் கலைஞர்கள் அனைவரும் அன்று வேறு திருமணங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தனர்.

மணமகளின் தந்தை கலங்கிப்போனார். “அம்மா, கைப்பேசியில் கெட்டிமேளம் பதிவாகவே இருக்கிறது. ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டால் போதாதா?” என்றார்.

“பதிவு பிழையில்லாமல் ஒலிக்கும், ஐயா. ஆனால் அது சாஸ்திரிகளின் விரலைப் பார்க்காதே” என்றார் அவர்.

மங்கல நாண் பூட்டும் நொடியில் சாஸ்திரிகள் விரலை உயர்த்துவார். அந்த அசைவைக் கண்டவுடன் தவிலும் நாகசுரமும் ஓங்கி முழங்கும். தும்மல், அழுகை, அமங்கலச் சொல் எதுவும் அந்த நொடியில் காதில் விழலாகாது என்பதே கெட்டிமேளத்தின் நோக்கம். முடிச்சு சிக்கிக்கொண்டால் முழக்கம் நீளும். எளிதில் முடிந்தால் தணியும். அதற்குக் காது மட்டும் போதாது, கண்ணும் வேண்டும்.

“ஷெனாய் வாசிப்பவரை அழைக்கலாமா?” என்று அவர் கேட்டார். தந்தையின் முகம் தெளியவில்லை. “நம் வீட்டு முகூர்த்தத்தில் ஷெனாயா? தவறிப்போனால்?” என்றார். “தவறினால் அந்தத் தவறு என்னுடையது, ஐயா. என் ஊதியத்தில் ஒரு காசும் வாங்கமாட்டேன்” என்றார் ஒருங்கிணைப்பாளர். அரைமனத்தோடு இசைவு கிடைத்தது.

பழைய தில்லிக்கு நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. “உஸ்தாத், பொறுத்துக்கொள்ளுங்கள், ஓர் உதவி” என்று அவர் தொடங்க, “எந்த மண்டபம் என்று மட்டும் சொல், பிட்டியா” என்றார் முதியவர். ‘மகளே’ என்று பொருள்படும் அச்சொல்லே விடையாக இருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் பனியைக் கிழித்துக்கொண்டு, தம் மகனோடும் ‘துக்கட்’ என்னும் இரட்டை முரசு வாசிப்பவரோடும் அவர் வந்து சேர்ந்தார். ஆளில்லாத மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. சாஸ்திரிகள் முகம் சுளிக்காமல் மணையில் அமர்ந்து விரலை உயர்த்திக் காட்டினார். முதல் முறை முரசு தாமதமாக எழுந்தது. தாளத்தின் சுற்றை முடித்துச் சமத்துக்கு வந்த பின்னரே ஓங்கி அடிப்பது அக்கலைஞரின் பழக்கம். ஒருங்கிணைப்பாளர் அருகே சென்று, “இங்கே சமம் தாளத்தில் இல்லை, ஐயா, அந்த விரலில் இருக்கிறது” என்றார். முரசு வாசிப்பவர் சிரித்தார். அதன்பின் அவருடைய கண்கள் விரலைவிட்டு அகலவில்லை.

ஏழரை மணியைக் கடந்து சில மணித்துளிகளில் விரல் உயர்ந்தது. முரசு அதிர்ந்தது; இரண்டு ஷெனாய்களும் உச்சியில் ஒலித்தன; அட்சதை மழையாகப் பொழிந்தது. அந்நேரம் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் பலமாகத் தும்மினார். அவர் தோள் குலுங்கியதை ஒருங்கிணைப்பாளர் கண்டார். வேறு எவர் காதிலும் அத்தும்மல் விழவில்லை.

பத்து மணியளவில் நாகசுரக் குழுவினர் நடுங்கிக்கொண்டு வந்து நின்றனர். முகூர்த்தம் முடிந்துவிட்டதை அறிந்ததும் அவர்கள் தலை கவிழ்ந்தது. பாதி ஊதியம் கொடுத்தால் போதும் என்று உறவினர் ஒருவர் மெல்லச் சொன்னார். “பனி இவர்கள் செய்த குற்றமன்று. இரண்டு இரவுகள் நமக்காகவே பயணம் செய்திருக்கிறார்கள்” என்றார் ஒருங்கிணைப்பாளர். மணமகளின் தந்தை மறுபேச்சின்றி முழுத்தொகையை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார். முதியவருக்கும் அவ்வாறே கொடுத்து, அவர் கைகளைப் பற்றிக்கொண்டார்.

மாலை வரவேற்பில் இரண்டு குழுவினரும் அடுத்தடுத்து வாசித்தனர். முதியவர் பூபாலி வாசித்து முடித்தவுடன் நாகசுரக் கலைஞர் மோகனத்தை எடுத்தார். பெயர் இரண்டு, சுரங்கள் ஐந்தும் ஒன்றே. இடைவேளையில் ஒருவர் சீவாளியை மற்றொருவர் கையில் வாங்கி விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அதனால் உரையாடல் எதுவும் தடைபடவில்லை.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசவையில் முகம் பார்த்து மனம் அறிவதைச் சொல்கிறது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் காதலில் கண் பேசுவதைச் சொல்கிறது. அரசவைக்கும் காதலுக்கும் இடையே எத்தனையோ தொழில்கள் உள்ளன. வகுப்பில் புரியாத மாணவன் முகத்தை ஆசிரியர் அறிவதும், வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையின் நோயைச் செவிலியர் அறிவதும் அக்கலையே.

அன்றிரவு சமையற்பாத்திரங்கள் வண்டியில் ஏறியபின், பாத்திரம் துலக்கியவர்களும் விளக்கு சுமந்தவர்களும் உண்டுவிட்டார்களா என்று கேட்டறிந்து, கடைசியாக அவர் இலை முன் அமர்ந்தார். உண்டு முடித்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த திருமணத்தின் ‘கேளாதவை’ பத்தியில் ஒரு வரி எழுதினார்: “பனிக்காலம். இசைக்கலைஞர்களை இரண்டு நாள் முன்னதாக வரவழைத்து, தங்க அறையும் கம்பளியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.”