மோதிர விரலில் ஒரு புட்டி

கிட்டாரிலும் வீணையைப்போல மெட்டுகள் உண்டு. விரலை அழுத்தினால் சுரம் சரியாக விழும். கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கினால் மெட்டு உதவாது, காதுதான் துணை. நம் கோட்டு வாத்தியமும் அப்படித்தான்.

அமெரிக்க ராக் கலைஞர் டுவேன் ஆல்மன் மோதிர விரலில் மாட்டியது, சளி மாத்திரை அடைத்து வந்த புட்டி. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அவர் குழு வாசித்தது இசைத்தட்டாக வந்தது. அதன் முதல் பாடலில், கிட்டாரா, மனிதக் குரலா என்று எனக்கு இன்றும் மயக்கம்தான்.

ஏழே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மறைந்தார். வயது 24. என் மகனுக்கும் அதே வயது. வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறான். இரவில் அவன் வீடு வந்து சேரும்வரை அந்த இசைத்தட்டை நான் போடுவதில்லை.