பழனியம்மிணியும் எங்கம்மாவும்

நேத்து ராத்திரி டிவியில ‘சதிலீலாவதி’. சூலூர்ல எங்க வீட்டுல அந்தப் படம் ஓடுனா யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. 1995 பொங்கலுக்கு வந்த படம். பாலுமகேந்திரா இயக்கம், கமலே தயாரிப்பு, கிரேஸி மோகன் வசனம்.

கதை என்னவோ பொண்டாட்டிக்குத் தெரியாம இன்னொருத்தியோட பெங்களூர் போற அருணைப் பத்தித்தான். எங்களுக்கு ஆனா கமல் நடிச்ச சக்திவேல் கவுண்டரும் அவர் பொண்டாட்டி பழனியும்தான் படம். சினேகிதனோட களவுக்கு நடுவுல சிக்கி அந்த மனுசன் முழிக்கிற முழி இருக்கே! பழனியா வர்ற கோவை சரளாவை வெறும் காமெடி நடிகைன்னு சொன்னா எனக்குக் கோவமே வரும். கமலுக்கு ஜோடியா நின்னு, அவரையே தூக்கிச் சாப்பிட்டிருப்பாங்க. இதையே 1999ல இந்தியில ‘பீவி நம்பர் 1’னு எடுத்தாங்க. கொங்குப் பேச்சு இல்லை, உசுரும் இல்லை.

நடுவுல அப்பா போன் ரெண்டு தடவை அடிச்சுது. எடுத்துட்டு வாசலுக்குப் போனார். அவரைக்காய்க்கு நார் உரிச்சிட்டிருந்த அம்மா கையை நிறுத்திட்டாங்க.

“ஏனுங், ஆருங்க அது இந்நேரத்துல?”

“தறிக்காரன் அம்மிணி. பாவு தீந்துருச்சாமா.”

அம்மா போனை வாங்கிப் பார்த்தாங்க. தறிக்காரரேதான்.